பார்த்ததை வரைந்தவர்கள்



டில்லியின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது ஜனக்புரி. 'புரி' என்றால் ஊர். ஜனக்புரி என்றால் ஜனகரின் ஊர். எந்த ஜனகர்? சீதையின் தந்தை. மிதிலையின் அரசர்.

ஊரின் பெயர்தான் அப்படி. உண்மையான மிதிலை நாடு இங்கிருந்து வெகு தூரம். பீகாரின் வடக்கிலும் நேபாளத்தின் தெற்கிலும் அது பரவிக் கிடக்கிறது. டில்லியின் ஜனக்புரியோ அடுக்கு வீடுகளும் கடைகளும் மெட்ரோ ரயிலும் உள்ள காலனி. இங்கே தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. பிள்ளைகள் படிக்க டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது.

ஆனாலும் மிதிலை இந்த ஜனக்புரிக்கு அவ்வப்போது வந்து போகிறது. எப்படி?

2014ஆம் ஆண்டில் இங்கே 'டில்லி ஹாட்' திறந்தார்கள். ஹாட் என்றால் சந்தை. பல மாநிலங்களின் கைவினைக் கலைஞர்கள் இங்கே வந்து கடை போடுவார்கள். சில நாள் விற்பார்கள். பிறகு போய்விடுவார்கள். வேறு கலைஞர்கள் வருவார்கள். துணி, மண்பாண்டம், மரப்பொம்மை, பித்தளை விளக்கு என்று பலவும் இருக்கும். ஓவியமும் இருக்கும். பீகாரின் மதுபனி மாவட்டத்து ஓவியம் தொங்கும் கடையைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். பெரிய பெரிய கண்கள். மீன், தாமரை, மூங்கில், கிளி. தாளில் ஒரு விரல் வைக்கக்கூட வெற்றிடம் இருக்காது. எங்கும் கோடு, கோட்டுக்குள் கோடு.

அந்தக் கடைக்கு முன்னால் நிற்பவர்களில் பல வகை உண்டு. விலை கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வாங்குகிறவர்கள் உண்டு. இன்னும் சிலர் தையல் வேலை செய்கிறவர்கள். பூ வேலைக்குப் புது டிசைன் தேடி வருவார்கள். கோலத்துக்குப் புது வடிவம் தேடும் பெண்களும் வருவார்கள். அவர்கள் மனத்தில் ஒரே கேள்வி இருக்கும். "இதையெல்லாம் எப்படித்தான் யோசிக்கிறார்களோ! நமக்கு ஒன்றும் தோன்றவில்லையே!"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பேச்சு. பதில் சொல்ல இரண்டு பேரின் கதை போதும். ஒருவர் கங்கா தேவி. இன்னொருவர் பஜ்ஜு ஷ்யாம்.

முதலில் கங்கா தேவி.

அவர் பிறந்தது 1928ஆம் ஆண்டு. மதுபனிப் பக்கத்து கிராமம். அந்த நாட்டில் கல்யாணம் என்றால் சுவரில் படம் எழுத வேண்டும். மணமக்களுக்கு என்று ஒரு அறை ஒதுக்குவார்கள். அதற்கு 'கோஹ்பர்' என்று பெயர். அதன் சுவரில் பெண்கள் கூடி வரைவார்கள். நடுவே ஒரு தண்டு நேராக மேலே போகும். அதைச் சுற்றி வட்ட வட்டமாகத் தாமரை. பக்கத்தில் மூங்கில், மீன், ஆமை, கிளி, சூரியன், சந்திரன். மணமக்கள் வாழ வேண்டும், வம்சம் தழைக்க வேண்டும் என்பதற்காக இவை. சீதையின் கல்யாணத்துக்கு ஜனகர் ஊரெல்லாம் படம் எழுதச் சொன்னார், அன்று தொடங்கியதுதான் இது என்று மிதிலைப் பெண்கள் கதை சொல்வார்கள்.

அந்தப் படங்கள் வெளியுலகுக்குத் தெரிய வந்ததே ஒரு துயரத்தால்தான். 1934இல் பீகாரில் பெரிய பூகம்பம் வந்தது. வீடுகள் இடிந்தன. வெள்ளைக்கார அதிகாரி ஆர்ச்சர் சேதம் பார்க்கப் போனார். இடிந்த வீடுகளின் உள்சுவர்களில் ஓவியங்கள் தெரிந்தன. அவர் அசந்து போனார். புகைப்படம் எடுத்தார்.

பிறகு 1960களில் கடும் பஞ்சம் வந்தது. வயலில் ஒன்றும் இல்லை. அப்போது கைவினை வாரியத்தில் இருந்த புபுல் ஜெயகர் ஒரு வழி யோசித்தார். பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை அங்கே அனுப்பினார். அவர் பெண்களிடம் தாளைக் கொடுத்தார். "சுவரில் எழுதுவதை இதில் எழுதுங்கள். காசு கிடைக்கும்" என்றார். முதலில் தயங்கினார்கள். பிறகு எழுதினார்கள். சுவரில் இருந்த படம் தாளுக்கு வந்தது. தாள் சந்தைக்கு வந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது.

கங்கா தேவியின் வாழ்க்கை சுகமான வாழ்க்கை அல்ல. அவருக்குக் குழந்தை இல்லை. கணவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். கங்கா தேவிக்கு வறுமைதான் மிஞ்சியது. அந்த நேரத்தில் அவர் கையில் இருந்தது கோடு ஒன்றுதான். ஆனால் என்ன கோடு! தலைமுடி போல மெல்லிய கோடு. கறுப்பு, சிவப்பு மசியால் நெருக்கி நெருக்கி இழுப்பார். அதை 'கச்னி' முறை என்பார்கள். வண்ணத்தை அப்பி நிரப்பாமல் கோடுகளாலேயே நிரப்பும் முறை.

கங்கா தேவி சாமி படமும் வரைந்தார். கோஹ்பரும் வரைந்தார். அதோடு நிற்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாக வரைந்தார். கர்ப்பம், பிரசவம், குழந்தை, சடங்கு, கல்யாணம் எல்லாம் வந்தன. தன்னைச் சுற்றி நடப்பதே படத்துக்குப் பொருள் ஆகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1985இல் அமெரிக்காவில் இந்திய விழா நடந்தது. கங்கா தேவியும் போனார். கிராமத்துப் பெண்மணி ஒருவர் வாஷிங்டன் நகரத்தில் போய் நிற்கிறார். நினைத்துப் பாருங்கள். மொழி தெரியாது. சாப்பாடு வேறு. ஆட்கள் வேறு. கண் முன்னால் வாஷிங்டன் நினைவுத் தூண் நிற்கிறது. 169 மீட்டர் உயரம். அதன் அடியைச் சுற்றி 50 கொடிகள்.

ஊருக்கு வந்ததும் அவர் அதை வரைந்தார். தூண் நடுவே நேராக நிற்கிறது. கொடிகள் சூழ்ந்து நிற்கின்றன. கோஹ்பர் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே ஒன்று தோன்றும். நடுவே தண்டு, சுற்றிலும் தாமரை! அமெரிக்காவின் தூணை மிதிலையின் கையால் வரைந்திருக்கிறார். தூணும் மாறவில்லை. கையும் மாறவில்லை.

இன்னொரு படம் இன்னும் வேடிக்கை. அங்கே ரோலர் கோஸ்டர் என்று ஒரு விளையாட்டு ரயில் உண்டு. நம் ஊர்ப் பொருட்காட்சியில் ராட்டினம் இருக்குமே, அதற்குப் பெரிய அண்ணன். தண்டவாளம் மலை போல ஏறும், பள்ளம் போல இறங்கும், சுழலும். ஏறியவர்கள் அலறுவார்கள். கங்கா தேவி அதையும் வரைந்தார். வளைந்து வளைந்து ஓடும் தண்டவாளம். பெட்டிகளில் வரிசையாக மனிதர்கள். கொடி பின்னுவதில் பழகிய கைக்குத் தண்டவாளம் பின்னுவது கஷ்டமா என்ன?

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் பெரிய பெரிய ஓவியக் கூடங்கள் உண்டு. உலகப் புகழ் பெற்ற படங்கள் அங்கே தொங்குகின்றன. அவற்றைப் பார்த்து அதே மாதிரி வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமெரிக்காவில் அப்படி வரைபவர்கள் ஆயிரம் பேர். ஆயிரத்தோராவது ஆளாக இருந்திருப்பார். தூணை, கொடியை, ரயிலைப் பார்த்துத் தன் கோட்டால் வரைந்தார். அந்த மாதிரி வரைய உலகத்தில் வேறு ஒருவரும் இல்லை. அவர் ஊரிலிருந்து கொண்டு போனது கை. அங்கிருந்து கொண்டு வந்தது காட்சி.

பிறகு அவருக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்காக டில்லியில் தங்கினார். அந்த நோயையும் மருத்துவமனையையும் கூட வரிசைப் படங்களாக வரைந்தார். கல்யாண அறையை அலங்கரிக்கப் பிறந்த கோடு, நோயாளியின் கட்டிலையும் வரைந்தது. இப்படிப்பட்ட துணிச்சல் படித்த ஓவியர்களிடம்கூட அபூர்வம். 1991இல் அவர் காலமானார். அவருடைய படங்களைப் பற்றி ஜோதீந்திர ஜெயின் என்ற அறிஞர் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் டில்லி கைவினை அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர்.

இனி பஜ்ஜு ஷ்யாம்.

மத்தியப் பிரதேசத்தில் பாட்டன்கர் என்று ஒரு சின்ன கிராமம். கோண்டு பழங்குடி மக்களின் ஊர். அவர்களில் பர்தான் என்ற பிரிவினர் பாட்டுக் கட்டுபவர்கள். 'பானா' என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்து முன்னோர் கதையைப் பாடுவார்கள். வீட்டுப் பெண்கள் மண் சுவரிலும் தரையிலும் கோலம் போடுவார்கள். அதை அவர்கள் 'டிக்னா' என்கிறார்கள். பெயர்தான் வேறு. வாசலில் மாவு இழுக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு அது சொந்தக்காரக் கலை.

இந்தக் கலை தாளுக்கு வந்த கதையில் ஒரு தமிழர் வருகிறார். ஜெ. சுவாமிநாதன் என்ற ஓவியர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது வடநாட்டில். போபால் நகரில் 'பாரத் பவன்' என்ற கலை மாளிகையை 1982இல் திறந்தார்கள். அதன் ஓவியப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. அதற்கு முன்பே மாணவர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பினார். "அங்கே யார் வரைகிறார்கள், பார்த்து வாருங்கள்" என்றார். பாட்டன்கரில் ஒரு வீட்டுச் சுவரில் அருமையான படம் இருந்தது. வரைந்தவர் ஜன்கர் சிங் ஷ்யாம் என்ற இளைஞர். சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கு அழைத்து வந்தார். ஜன்கர் பெரிய ஓவியர் ஆனார்.

அந்த ஜன்கர் பஜ்ஜுவுக்குச் சித்தப்பா முறை. பஜ்ஜு பிறந்தது 1971இல். வீட்டில் வறுமை. பிழைப்புத் தேடிப் போபாலுக்கு வந்தார். இரவுக் காவல் வேலை பார்த்தார். மின்சார வேலை பார்த்தார். பிறகு சித்தப்பாவிடம் சேர்ந்தார். அங்கே என்ன வேலை? சித்தப்பா உருவத்தை வரைவார். அதற்குள் புள்ளியும் கோடும் இட்டு நிரப்புவது பஜ்ஜுவின் வேலை. கோண்டு ஓவியத்தில் அந்த நிரப்புதல்தான் முக்கியம். ஒவ்வோர் ஓவியருக்கும் ஒரு தனி நிரப்பு உண்டு. அதுதான் அவர் கையெழுத்து. இன்னொருவர் நிரப்பை எடுத்துப் போடக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு மரியாதை. பஜ்ஜுவும் தன் நிரப்பைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

2002இல் லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஓர் இந்திய உணவு விடுதி. அதன் சுவரில் படம் எழுத வேண்டும். பஜ்ஜு போனார். இரண்டு மாதம் தங்கினார். பகலில் சுவரில் வேலை செய்தார். மற்ற நேரத்தில் ஊரைப் பார்த்தார். திரும்பி வந்ததும் அந்தப் பயணம் ஒரு புத்தகம் ஆனது. வெளியிட்டது சென்னையில் உள்ள தாரா புக்ஸ் பதிப்பகம். ஆண்டு 2004. 'லண்டன் ஜங்கிள் புக்' என்பது பெயர்.

அந்தப் புத்தகத்தில் விமானம் எப்படி இருக்கிறது தெரியுமா? சிறகு முளைத்த யானையாக இருக்கிறது. அவ்வளவு கனமான ஒன்று எப்படிப் பறக்கும்? யானை பறந்தால் எவ்வளவு ஆச்சரியமோ அவ்வளவு ஆச்சரியம் அல்லவா இதுவும்!

லண்டனில் பெரிய மணிக்கூண்டு ஒன்று உண்டு. 'பிக் பென்' என்பார்கள். பஜ்ஜு அதைச் சேவலோடு சேர்த்து வரைந்தார். பாட்டன்கரில் நேரம் சொல்வது சேவல். லண்டனில் நேரம் சொல்வது மணிக்கூண்டு. இரண்டும் ஒரே படத்தில் ஒரே உயிராகிவிட்டன. பூமிக்கு அடியில் ஓடும் ரயில் மண்புழு ஆனது. அவர் தினமும் ஏறிய 30ஆம் எண் பேருந்து நாய் ஆனது. விசுவாசமாக வந்து வீட்டில் சேர்க்கிறது அல்லவா, அதனால் நாய். வெள்ளைக்காரர்கள் வௌவால் ஆனார்கள்! ஏன்? பகல் எல்லாம் கண்ணில் படுவதில்லை. இருட்டியதும் கூட்டம் கூட்டமாக மதுக்கடைக்கு வந்துவிடுகிறார்கள். கேலிதான். ஆனால் கசப்பு இல்லாத கேலி.

நம் ஊருக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நம்மை வரைந்திருக்கிறார்கள். பாம்பாட்டி, யானை, மகாராஜா என்று நூறு நூறு படங்கள். இங்கே ஒரு பழங்குடி மனிதர் லண்டனுக்குப் போய் அவர்களை வரைந்தார். அந்தப் புத்தகத்தை லண்டன்காரர்களே விரும்பி வாங்கிப் பார்த்தார்கள்.

அடுத்து 2006இல் இன்னொரு புத்தகம். மரங்களின் இரவு வாழ்க்கையைப் பற்றியது. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி ஆகிய மூவரும் வரைந்தார்கள். தாள் கறுப்பு. அதன் மேல் மரங்கள் ஒளி விடுகின்றன. இதை இயந்திரத்தில் மளமளவென்று அடிக்கவில்லை. சென்னையில் பட்டறையில் கையால் அச்சிட்டார்கள். துணி கட்டிய சட்டத்தின் வழியாக மையை இழுத்து அச்சிடும் முறை. ஒரு நிறத்துக்கு ஒரு தடவை. பிறகு தாளைக் காய வைக்க வேண்டும். அடுத்த நிறத்துக்கு மறுபடியும் ஒரு தடவை. தைப்பதும் கையால்தான். 2008இல் இத்தாலியில் பொலோன்யா நகரத்துப் புத்தகச் சந்தையில் அதற்குப் பரிசு கிடைத்தது. பல மொழிகளில் வந்தது. பாட்டன்கரின் மரத்தைப் பார்த்து இன்று வேறு நாட்டு ஓவியர்கள் யோசிக்கிறார்கள். 2018இல் பஜ்ஜுவுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

"அப்படியானால் மற்றவர் படத்தைப் பார்த்து வரையவே கூடாதா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி.

இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. டில்லியில் செங்கோட்டை கட்டினாரே ஷாஜஹான், அவர் காலம். அரண்மனை ஓவியர்கள் அவரையும் இளவரசர்களையும் சிறு சிறு படங்களாக எழுதினார்கள். கப்பல் வணிகத்தின் வழியாக அந்தப் படங்கள் ஹாலந்து நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ரெம்பிராண்ட் என்ற மாபெரும் ஓவியர் இருந்தார். அவர் தன் நாட்டை விட்டு வெளியே போனதே இல்லை. அவர் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அப்போது அவருக்கு வயது 50. ஏற்கெனவே பெயர் பெற்றவர். அப்படி வரைந்தவற்றில் இருபதுக்கும் மேல் இன்றும் இருக்கின்றன. மையும் தூரிகையும் கொண்டு வரைந்தவை. பலவற்றுக்கு ஜப்பானியத் தாளைப் பயன்படுத்தினார். டில்லியின் பாதுஷா, ஹாலந்தின் கை, ஜப்பானின் தாள்!

அதற்கும் முன்பு, 1580இல், அக்பரின் அவைக்குப் பாதிரியார்கள் வந்தார்கள். படம் அச்சிட்ட பைபிளைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். மொகலாய ஓவியர்கள் அந்தப் படங்களைப் பார்த்து எழுதிப் பழகினார்கள். ஆகவே பார்ப்பதும் பழகுவதும் அன்றிலிருந்து இரண்டு பக்கமும் நடக்கிறது.

பழகுவதற்காகப் பார்த்து எழுதுவது வேறு. பார்த்து எழுதியதைத் தன் சொந்தம் என்று விற்பது வேறு. இது வெறும் நியாயப் பேச்சு அல்ல, வயிற்றுப் பிரச்சினை. கங்கா தேவியைப் போன்ற ஒரு பெண் ஒரு படத்தை எழுதப் பத்து நாள் உட்கார்ந்திருப்பார். அதை ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்துப் போய்விடுவார். பையிலும் தலையணை உறையிலும் இயந்திரத்தால் அடிப்பார். கால் விலைக்கு விற்பார். வாங்குகிறவர் அதுவும் மதுபனி என்றே நினைப்பார். எழுதிய பெண்ணின் தாள் விற்காமல் சுருண்டு கிடக்கும். சில கடைகளில் 'படம் எடுக்காதீர்கள்' என்று அட்டை வைத்திருப்பது இதனால்தான். அதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்களும் உண்டு. கோபப்படும் முன் அந்தப் பத்து நாளை நினைக்க வேண்டும்.

கையால் எழுதியதை எப்படி அறிவது? கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மதுபனியில் உருவத்தின் ஓரத்தில் பெரும்பாலும் இரட்டைக் கோடு இருக்கும். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள். கையால் இழுத்திருந்தால் ஓரிடத்தில் மசி அழுந்தியிருக்கும், ஓரிடத்தில் மெலிந்திருக்கும். இரண்டு படத்தை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு கோடு கூட மாறாமல் இருந்தால் அது இயந்திரம். எந்தக் கையும் ஒரே மீனை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதாது. தாளின் பின்பக்கத்தையும் பார்க்கலாம். "எந்த ஊர்? யார் எழுதியது?" என்று கேட்கலாம். எழுதியவரே கடையில் இருந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

இனி கோலம் போடுகிறவர்களின் கேள்விக்கு வரலாம். "எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையே!"

ஜனக்புரியில் மூன்றாவது மாடியில் வீடு. வாசல் என்பது இரண்டடி சிமெண்டுத் தரை. பச்சரிசி மாவு இல்லை, சாக்பீஸ்தான். அதிலும் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறார்கள் தமிழ்ப் பெண்கள். பதினைந்து புள்ளி, எட்டில் நிறுத்தம் என்று கணக்குப் பிசகுவதில்லை. சிக்குக் கோலத்தின் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடினால் தலை சுற்றும். பள்ளிக்கூடம் போகாத கை போட்ட கணக்கு அது. இந்தக் கையை வைத்துக்கொண்டு 'ஒன்றும் தெரியாது' என்பது தன்னடக்கம். உண்மை அல்ல.

கை இருக்கிறது. காட்சிக்கு என்ன குறை? மாடியிலிருந்து பார்த்தால் தூண்களின் மேல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. கங்கா தேவி பார்த்திருந்தால் விட்டிருப்பாரா? கீழே தள்ளுவண்டியில் வெள்ளையாகக் காலிபிளவர் குவிந்திருக்கிறது. குளிர்காலத்தில் ஒருவர் மண்சட்டியில் தணல் வைத்து, அதைச் சூட்டோடு வேர்க்கடலைக் குவியலின் மேல் வைத்து விற்கிறார். தெரு முனையில் தாடிக்காரர் ஒருவர் நெருப்புப் பெட்டியால் துணி தேய்க்கிறார். ஜனவரி மாதத்துப் பனி வந்துவிட்டால் எதிர் வீடே தெரியாது. வெறும் விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். புள்ளி வைத்தாகிவிட்டது, இழை இழுக்க வேண்டியதுதான் பாக்கி. இதில் எதை எந்தக் கோலம் ஆக்குவது என்பதை அந்தந்தக் கைதான் சொல்ல வேண்டும். பேச்சில் சொல்லித் தர முடியாது.

ஒன்று மட்டும் உதவும். நிறையப் பார்ப்பது. அதற்கு அதிகம் செலவு இல்லை.

லோதி காலனி என்று டில்லியில் ஒரு பகுதி உண்டு. பழைய அரசு ஊழியர் குடியிருப்பு. 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி அங்கே வீட்டுச் சுவர்களில் பெரிய பெரிய படங்கள் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் இந்தியாவிலும் பல வெளிநாடுகளிலும் உள்ள ஓவியர்கள். ஒவ்வொரு சுவரும் மாடி உயரம். டிக்கெட் கிடையாது. காவலாளி கிடையாது. துணி காயும் கொடிக்குக் கீழே நின்று பார்க்கலாம். சில படங்கள் மனதைத் தொடும். சிலவற்றைப் பார்த்தால் 'இதற்கா இவ்வளவு பெரிய சுவர்?' என்று தோன்றும். அப்படித் தோன்றினால் தவறில்லை. ஜோர் பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான்.

கைவினை அருங்காட்சியகத்துக்கு இன்னும் சுலபம். ஜனக்புரியில் நீல வழி ரயிலில் ஏறி, சுப்ரீம் கோர்ட் நிலையத்தில் இறங்கலாம். வழியில் வண்டி மாற வேண்டியதில்லை. அங்கே நாட்டின் பல பகுதிகளின் கிராமத்து வீடுகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். துணிகள், மரச் சிற்பங்கள், பொம்மைகள் உண்டு. கலைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்வதையும் பார்க்கலாம்.

அங்கே கங்கா தேவி ஒரு கோஹ்பர் எழுதியிருந்தார். உடம்பில் நோயை வைத்துக்கொண்டு, சிகிச்சைக்கு நடுவே, ஒரு அறையின் சுவர்களில் எழுதியது. அது இப்போது இல்லை. 2015இல் கட்டடச் சீரமைப்பு நடந்தபோது அந்தச் சுவரோவியம் அழிந்துவிட்டது. செய்தி வெளியானபோது பல கலைஞர்கள் வருந்தினார்கள், கண்டித்தார்கள். சுவர் திரும்பவில்லை. புகைப்படங்கள் இருக்கின்றன. தாளில் எழுதிய அமெரிக்கப் படங்கள் தப்பின. மிதிலையில் கல்யாண வீடுகளில் பெண்கள் இன்னும் கோஹ்பர் எழுதுகிறார்கள். நடுவே தண்டு, சுற்றிலும் தாமரை.

போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.